ரோலரில் உருட்டும் பட்டியை வைத்து சுவரையும் சீலிங்கையும் நாமே வழவழப்பாக்க முடியுமா?

முடியும். சுவர் மட்டும் என்றால் தைரியமாக இறங்குங்கள். சீலிங்கும் உண்டு என்றால் என் கதையைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அனேகமாக, வாளியில் கலந்தே வரும் பட்டியை (பெயின்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசும் புட்டி) வாங்கி வைத்துக்கொண்டு மூடியைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருப்பீர்கள். நானும் நான்கு நாள் அப்படித்தான் இருந்தேன். பெயின்ட் மாதிரி உருட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று வேறு நினைத்திருந்தேன். ரோலர் பட்டியைச் சுவரில் ஏற்றுவதோடு சரி, வழவழப்பெல்லாம் அதன் மேல் இழுக்கும் அகலமான பிளேடில்தான் வருகிறது.

முதல் நாள் உற்சாகத்தில் படுக்கையறைச் சுவர் முழுவதையும் உருட்டி முடித்த பிறகுதான் பிளேடைக் கையில் எடுத்தேன். ஆரம்பித்த மூலை அதற்குள் இறுகிப்போய், இழுக்க இழுக்க சுருண்டு பிய்ந்துகொண்டு வந்தது. அன்று ராத்திரி முழுக்கச் சுரண்டல். அப்புறம் மீட்டருக்கு மீட்டர் அளவில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் உருட்டி, ஈரம் போவதற்குள் பிளேடைச் சாய்த்துப் பிடித்து லேசாக இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் விளிம்பைத் துடைக்க வேண்டும், காய்ந்த துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் சுவரில் நீளமாகக் கோடு விழும். நன்றாகக் காய்ந்ததும் இரண்டாவது பூச்சு, முதலில் இழுத்ததற்குக் குறுக்கே. ஆழமான ஓட்டைகளை முன்னாடியே தனியாக அடைத்துவிடுங்கள்.

சீலிங்குக்கு ஏணி வேண்டும். என் ஏணியை "ரெண்டே நாள்" என்று வாங்கிப்போன சகலை மூன்று வருடமாகத் தரவில்லை, கேட்டால் நான்தான் கஞ்சனாம். அதனால் மேஜை மேல் நின்று, கழுத்து ஒடிய, முகத்தில் பட்டி சொட்டச் சொட்ட வேலை செய்தேன். மறுநாள் காலை பார்த்தால் ஃபேன் பக்கத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு துண்டு மடங்கித் தொங்குகிறது. பின்பக்கம் முழுக்க வெள்ளைத் தூள். சுவரில் எமல்ஷன் இருந்தது, பிடித்துக்கொண்டது. சீலிங்கில் பழைய டிஸ்டெம்பர், தூளாக உதிரும் பூச்சு அது, பட்டி அந்தத் தூளின் மேல்தான் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டினால் கழுவி, காயவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்த பிறகுதான் பட்டி.

"இதுக்கு பெயின்டரைக் கூப்பிட்டிருக்கலாமே" என்று எழுத வருபவர்களுக்கு: கூப்பிட்டேன் ஐயா, ஒரு மாதம் "நாளைக்கு வரேன்" என்றார். அவர்கள் தொழிலைக் குறைசொல்ல வரவில்லை, என்னைவிட பத்து மடங்கு நன்றாகச் செய்வார்கள். நீர்க்கசிவு உள்ள சுவரில் எவர் போட்டாலும் நிற்காது, அதற்கும் என்னைத் திட்டாதீர்கள்.

காய்ந்த பிறகு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணில் படாத மேடெல்லாம் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களை 150 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள். அடியில் ரொம்பப் பழைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. கடைசியில் பிரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் பட்டி பெயின்டைக் குடித்துத் திட்டுத் திட்டாகத் தெரியும்.

என் வீட்டில் ஃபேனுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. மல்லாந்து படுத்தால் நேராக அதுதான் தெரியும். ஏணி திரும்பி வந்ததும் சரிசெய்துவிடுவேன்.