மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுப் பாடங்களை எப்படிப் படிப்பது? டேட்டா புக் இருப்பதால் டிசைன் சுலபமா?

கேள்வி: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு தொடங்குகிறது. டிசைன், டைனமிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர், எஃப்.இ.ஏ. (பொருளைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து மென்பொருளில் கணக்கிடுவது) என்று வரிசையாக வருகின்றன. டிசைன் பரீட்சைக்கு டேட்டா புக் (சூத்திரங்களும் பட்டியல்களும் அடங்கிய புத்தகம்) கொண்டுபோகலாம், அதனால் அது சுலபம் என்கிறார்கள் சீனியர்கள். உண்மையா? எப்படிப் படிப்பது?

பதில்:

டேட்டா புக் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் டிசைனில் அரியர் வைத்தவர்கள் என் வகுப்பில் பலர் உண்டு. நான் கோவையில் படித்தேன். இப்போது அங்கேயே ஒரு பம்ப் நிறுவனத்தின் டிசைன் பிரிவில் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் இரண்டு வருடம் ஒரு கணக்குக்கு ஒரு விடைதான். பீமின் நீளம், எடை எல்லாம் கொடுத்திருப்பார்கள், வகுப்பில் எல்லோருக்கும் ஒரே எண் வரும். மூன்றாம் வருடம் அப்படி இல்லை. பாதி விவரம் கேள்வியில் இருக்காது. எந்த இரும்பு, எந்தப் பேரிங், எவ்வளவு பாதுகாப்பு என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூடத் தடுமாறுகிறார்கள்.

ஒரு சின்ன கணக்கு பாருங்கள். 5 கிலோவாட் மோட்டார், 1440 ஆர்.பி.எம். 9550-ஐ 5-ஆல் பெருக்கி 1440-ஆல் வகுத்தால் டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 33 நியூட்டன் மீட்டர். ஷியர் ஸ்ட்ரெஸ் (முறுக்குவதால் இரும்புக்குள் எழும் தகைவு) 40 மெகாபாஸ்கல் வரை போகலாம் என்று வைத்தால் ஷாஃப்ட்டின் (சுழலும் தண்டின்) விட்டம் 16.2 மில்லிமீட்டர் வரும். கால்குலேட்டரின் வேலை அதோடு முடிந்தது. ஆனால் 16.2-க்குக் கடையில் பேரிங் கிடைக்காது. 6203 என்றால் உள்விட்டம் 17, 6204 என்றால் 20, 6205 என்றால் 25. 04-லிருந்து கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் போதும், பட்டியலைப் பார்க்கவே வேண்டாம். சரி, 17 போதுமா? பெல்ட் இழுப்பதால் ஷாஃப்ட் வளையும், அதை நாம் இன்னும் சேர்க்கவில்லை. கீ-வே (புல்லியைத் தண்டோடு பூட்டும் காடி) வெட்டினால் இன்னும் கொஞ்சம் வலு போகும். 20 எடுப்பதா, 25 எடுப்பதா? இந்த இடத்தில்தான் டிசைன் என்ற பாடமே தொடங்குகிறது.

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொகுத்த டேட்டா புக்கைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் வைத்திருப்போம். அதில் சூத்திரம், பட்டியல், வரைபடம் எல்லாம் இருக்கும். எதை எப்போது எடுக்க வேண்டும் என்பது மட்டும் இருக்காது. பரீட்சைக்கு முந்தின வாரம் அதைத் திறந்தால் மூன்று மணி நேரமும் பக்கம் புரட்டுவதிலேயே போய்விடும். வகுப்பு தொடங்கிய முதல் நாளிலிருந்தே வீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் அந்தப் புத்தகத்தை வைத்தே போடுங்கள். கியர் பட்டியல் எங்கே, பேரிங் எங்கே, ஸ்பிரிங் எங்கே என்று கை தானாகப் போக வேண்டும்.

அப்புறம், நான் டிசைனை உண்மையில் புரிந்துகொண்டது வகுப்பில் இல்லை, ஒரு சின்னப் பட்டறையில். ஐந்தாவது செமஸ்டர் முடிந்த விடுமுறையில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே பெல்ட்டில் ஓடும் ஒரு ப்ளோயர். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ஷாஃப்ட் உடைந்துகொண்டிருந்தது. இரும்பு சரியில்லை என்று முதலாளி இ.என். 8 என்ற ரகத்தை விட்டுவிட்டு, வலுவும் விலையும் அதிகமான இ.என். 24 ரகத்துக்கு மாறினார். அதுவும் உடைந்தது.

லேத் ஓட்டும் அண்ணன் உடைந்த துண்டை என் கையில் கொடுத்து, "தம்பி, படிக்கிறீங்களே, இதப் பாத்துச் சொல்லுங்க" என்றார். உடைந்த முகத்தில் ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து, குளத்தில் கல் போட்டால் விரியும் அலை போல மெல்லிய கோடுகள். அந்தப் பகுதி முழுக்க வழவழப்பு. எதிர்ப்பக்கம் ஒரு சின்ன இடம் மட்டும் வெல்லக் கட்டியை உடைத்தது போலச் சொரசொரப்பு. புத்தகத்தில் பார்த்த ஃபெட்டிக் (திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் களைத்து உடைவது) படம் அப்படியே கையில் இருந்தது. வழவழப்பான பகுதி நாள்கணக்கில் மெல்ல மெல்லப் பிளந்தது, சொரசொரப்பான பகுதி கடைசி நொடியில் பட்டென்று போனது.

உடைந்த இடம், ஷாஃப்ட்டின் விட்டம் 25 மில்லிமீட்டரிலிருந்து 30-ஆக மாறும் படிக்கட்டு போன்ற படி. கூர்மையான டூலால் மூலையைச் செங்குத்தாகக் கடைந்திருந்தார்கள், வரைபடத்திலும் மூலையை மழுக்கும் வளைவு (ஃபில்லட்) எதுவும் குறிக்கவில்லை. பெல்ட் ஒரே பக்கம் இழுக்கிறது, ஷாஃப்ட் சுற்றுகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூலை ஒரு முறை இழுபடும், ஒரு முறை அமுங்கும். 1440 ஆர்.பி.எம். என்றால் மணிக்கு 86,400 தடவை, அதாவது பத்து லட்சம் தடவை பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு டிசைன் முதல் யூனிட்டில் வரும் எண்டூரன்ஸ் லிமிட்டை (எத்தனை தடவை வந்தாலும் இரும்பு உடையாமல் தாங்கும் ஸ்ட்ரெஸ் எல்லையை) படித்துப் பாருங்கள், அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரியும். வலுவான இரும்பு ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கும் அங்கேயே பதில் இருக்கிறது. வலு கூடக்கூட இரும்பு கூர்மையான மூலைக்கு அதிகம் பயப்படும். நாட்ச் சென்சிட்டிவிட்டி என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதுதான்.

சரி, மூலையில் பெரிய வளைவு கொடுத்துவிட்டால் முடிந்ததா? இல்லை. அந்தப் படியில்தான் 6205 பேரிங் வந்து உட்கார வேண்டும். பேரிங்கின் உள் ஓர வளைவு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். ஷாஃப்ட்டின் வளைவு அதைவிடப் பெரிதாக இருந்தால் பேரிங் படியில் ஒட்டி உட்காராது. ஷாஃப்ட்டுக்குப் பெரிய வளைவு வேண்டும், பேரிங்குக்குச் சின்ன வளைவு வேண்டும். கடைசியில் உள் ஓரத்தைச் சரிவாகச் சீவிய ஒரு வளையத்தைச் செய்து நடுவில் போட்டோம். வளைவு வளையத்துக்குள் மறைந்தது, பேரிங் வளையத்தின் மேல் உட்கார்ந்தது. நான் அங்கே இருந்தவரை அந்த ஷாஃப்ட் உடையவில்லை. இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று முட்டும்போது நடுவில் வழி கண்டுபிடிப்பதை அந்த வளையத்தில்தான் கற்றேன்.

எஃப்.இ.ஏ.வுக்கும் இந்தக் கதை உதவும். அதே செங்குத்து மூலையை மென்பொருளில் வரைந்து, மெஷ்ஷை (பொருளைத் துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) சின்னதாக்கிக்கொண்டே போங்கள். ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே இருக்கும், ஓர் எண்ணில் நிற்கவே நிற்காது. வளைவு கொடுத்தால் நின்றுவிடும். வண்ணப் படத்தை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மற்றபடி அந்தப் பாடத்துக்கு இரண்டு மூன்று எலிமெண்ட் கணக்குகளைக் கையால் முழுக்கப் போட்டுப் பழகினால் போதும்.

ஹீட் டிரான்ஸ்ஃபரில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தடை எங்கே இருக்கிறது? எவர்சில்வர் பாத்திரத்தின் வெப்பக் கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்குச் சுமார் 16 வாட், செம்பு 390 பக்கம். அதனால் செப்பு அடிப் பாத்திரத்தில் பால் சீக்கிரம் காயும் என்று நாம் நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் எவர்சில்வரின் தடை 0.001-ஐ 16-ஆல் வகுத்தால் வருவது, 0.00006. அடுப்பின் சூடான காற்றுப் பக்கம் கன்வெக்‌ஷன் கெழு (காற்று சூட்டைக் கைமாற்றும் திறன்) 50 என்று வைத்தால் அங்கே தடை 1-ஐ 50-ஆல் வகுத்த 0.02, முந்நூறு மடங்குக்கு மேல். உலோகத்தை மாற்றினாலும் வேகம் பெரிதாக மாறாது. செம்பின் பயன் வேறு. சூட்டைப் பக்கவாட்டில் பரப்பிவிடும், பால் ஓரிடத்தில் அடிப்பிடிக்காது. கார் ரேடியேட்டரில் காற்றுப் பக்கம் மட்டும் ஃபின் (மெல்லிய தகடுகள்) வைப்பதும் இதே காரணத்தால்தான். பெரிய தடை இருக்கும் இடத்தில்தானே பரப்பைக் கூட்ட வேண்டும். இது பிடிபட்டால், அந்தக் கெழுவைக் கண்டுபிடிக்க உதவும் நஸ்ஸல்ட் நம்பர் சூத்திரங்களின் நீளத்தைப் பார்த்துப் பயம் வராது. விசிறியோ பம்போ தள்ளும் ஓட்டம் என்றால் முதலில் ரேனால்ட்ஸ் நம்பர் (ஓட்டம் சீரானதா, கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்), அதை வைத்துச் சரியான சூத்திரம், அவ்வளவுதான்.

டைனமிக்ஸில் பேலன்சிங் படங்களை ஸ்கேலில் நிதானமாக வரைந்து பழகினால் மதிப்பெண் நிச்சயம். வைப்ரேஷனுக்கு ஓர் அனுபவம் போதும். பேருந்து நிற்கும்போது சன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடும், வண்டி வேகம் எடுத்ததும் அடங்கிவிடும். எஞ்சின் ஓடும் வேகமும் கண்ணாடியின் இயல்பு அதிர்வெண்ணும் நெருங்கும்போது ஆட்டம், விலகியதும் அமைதி. ரெசனன்ஸ் வளைவை இதோடு சேர்த்துப் பார்த்தால் மறக்காது.

எதை முதலில் பிடிப்பது என்றால், எஸ்.ஓ.எம்.-இல் (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில்) வரும் பெண்டிங் மொமென்ட் வரைபடமும் ஸ்ட்ரெஸ் கணக்குக்கான மோர் (Mohr) வட்டமும் தடங்கல் இல்லாமல் வர வேண்டும். வராவிட்டால் விடுமுறையில் பத்து நாள் அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். அது இல்லாமல் டிசைன் நகராது.

அப்படியே பக்கத்து லேத் பட்டறைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மூலையில் உடைந்த ஷாஃப்ட் ஒன்றாவது கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பிளவு எந்தப் புள்ளியில் தொடங்கியது என்று தேடுங்கள்.