மறு: ஒரே ஓடைக்கரை, நாலு கலர் தவளை, நாலும் வேற வேற இனமா?

ராத்திரி சர்வேல கெடச்ச குட்டி மரத்தவளைங்கள முதுகு கலர வச்சு நாலு இனமா பிரிச்சேன், இப்ப சந்தேகமா இருக்குன்னு கேட்டிருக்கீங்க. சந்தேகம் நியாயமானதுதான் நண்பரே, கலர மட்டும் நம்பாதீங்க. ஒரே இனத்துலயே பச்சை, பழுப்பு, நடுமுதுகுல கோடு போட்டதுன்னு எல்லாம் வரும், மத்திய, தென் அமெரிக்க மழைக்காட்டுல இருக்குற பிரிஸ்டிமான்டிஸ்ங்கிற தவளைப் பேரினத்துல 500-க்கும் மேல இனம் இருக்கு, அங்கயும் இதே தலைவலிதான்.

என்னைக் கேட்டா சத்தம்தான் முதல்ல. ஆண் தவளை கத்துறத ரெக்கார்ட் பண்ணும்போதே வெப்பநிலையும் குறிச்சுக்கோங்க, ஏன்னா சூடு கூடுனா கத்துற வேகமும் கூடும், அத கவனிக்கலன்னா ஒரே இனத்தை ரெண்டுன்னு எழுதிடுவோம். கத்துன அதே தவளைய புடிச்சு மூக்கு நுனியில இருந்து பின்பக்கம் வரைக்கும் அளந்து, கால்விரல் சவ்வு எந்த கணு வரைக்கும் வருது, விரல் நுனி எவ்ளோ அகலம், மடக்குனா மறையிற தொடைப்பக்க நிறம், கண்ணு நிறம் எல்லாத்தையும் உயிரோட இருக்கப்பவே போட்டோ எடுத்துடுங்க, ஸ்பெசிமன் ஆனப்புறம் நிறம் போயிடும்.

அனுமதி இருந்தா துளி திசுவ எத்தனால்ல போடுங்க, ஃபார்மலின் பட்டா டிஎன்ஏ கெட்டுடும். அந்த டிஎன்ஏல இனத்தை அடையாளம் காண உதவுற 16எஸ்ங்கிற ஜீன் பாத்தா பாதி குழப்பம் தீரும்.

அப்புறம் ஒவ்வொரு தவளைக்கும் புது கையுறை, தனி பை. தவளைங்களுக்கு நோய் குடுத்து கொல்ற கைட்ரிட் பூஞ்சை நம்ம கை வழியாவே பரவும், தயவுசெஞ்சு இத மட்டும் விட்றாதீங்க.