டீசல் ஊறிய மண்ணைக் கிருமி தின்னுமா?

கேள்வி: லயத்து வீடுகளுக்கு மேலே நிறுத்தியிருந்த லொறியிலிருந்து டீசல் ஒழுகி எங்கள் மரக்கறிப் பாத்தியில் ஊறிவிட்டது. லீக்ஸ் எல்லாம் மஞ்சளாகிப் போச்சு. மண்ணில் இருக்கிற கிருமியே தானாகத் தின்றுவிடும் என்கிறார் அண்ணன். உண்மையா? – வாசகி, ஹட்டன்

பதில்: தின்னும் தங்கச்சி, அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் சும்மா விட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும்.

டீசலில் பெரும்பகுதி காபனும் ஐதரசனும் கோத்த சங்கிலிகள். சூடோமோனாஸ், ரொடோகொக்கஸ் மாதிரியான பற்றீரியாக்களுக்கு அது சாப்பாடு. அவற்றில் சில, சவர்க்காரம் போன்ற ஒன்றைத் தாமே சுரந்து எண்ணெயைப் பொடித் துளிகளாக்கும். அப்புறம் சங்கிலியின் நுனியில் ஒட்சிசனைக் கொளுவி, மதுசாரமாக்கி, கொழுப்பமிலமாக்கி, இரண்டிரண்டு காபனாக நறுக்கித் தின்று, காபனீரொட்சைட்டும் தண்ணீருமாக முடித்துவிடும். அதனால் காற்று வேண்டும், மழையில் சேறாக இறுகிய மண்ணில் வேலை படுத்துவிடும். நைதரசனும் பொசுபரசும் வேண்டும், டீசலில் அவை இல்லாத குறைதான். 1989இல் அலாஸ்காவில் எக்சன் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது கரையில் உரம் போட்டதும் இதற்காகத்தான். நம் பக்கத்துக் குளிரும் தேயிலை மண்ணின் புளிப்பும்கூட இந்தக் கிருமிகளை மந்தமாக்கும்.

முதலில் பாத்திக்கு மேலே ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். மணக்கிற மண்ணைத் தோண்டி, தடித்த பொலித்தீன் மேல் ஓரடி உயரத்துக்குப் பரப்பி, மக்கிய மாட்டுச் சாணமும் புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் டொலமைட் தூளும் கலந்து, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அதுதான் ஈரப்பதம். மழைக்கு மூடிவிடுங்கள். சில மாதம் பிடிக்கும். மணம் போய்விட்டது என்று உடனே கீரை போட்டுச் சாப்பிட வேண்டாம், மணமில்லாத பகுதிதான் கடைசியில் கரையும். பழைய எஞ்சின் ஒயில் என்றால் இன்னும் கஷ்டம், அதிலுள்ள, காபன் வளையமாகக் கோத்த சேர்மங்கள் லேசில் உடையாது, ஈயம் போன்ற உலோகத்தை எந்தக் கிருமியும் அழிக்காது.

சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவாதீர்கள். அழுக்கு அப்படியே கீழ் லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போய்ச் சேரும். கொளுத்தவும் வேண்டாம்.

பீலித் தண்ணீரை இன்றைக்கே ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்து வெயிலில் பாருங்கள். வானவில் மாதிரிப் படலமோ டீசல் மணமோ இருந்தால் யாரும் குடிக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் சரிவராது. பிள்ளைகளுக்கு வேறு தண்ணீர் எடுத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் உடனே சொல்லுங்கள்.