எழுத்து முடிந்து, தாலிக்கு முன் ஒரே வீட்டுக்குப் போனால்: பெனிபிட் கடன் பற்றி ஒரு பதில்

தங்கச்சி, உங்கள் நிலைமையை நான் விளங்கிக்கொண்டது இப்படி. லண்டனில் அகதி அந்தஸ்து கிடைத்து, கடையில் பகுதிநேர வேலையோடு யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கான அரசாங்க உதவிக் காசு) எடுக்கிறீர்கள். எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்துவிட்டது, தாலிகட்டு தை மாதம்தான். ஆனால் வாடகையை மிச்சம் பிடிக்க வருகிற மாதமே கணவருடைய பிளாட்டுக்குப் போகப் போகிறீர்கள். அவருக்கு முதல் கலியாணக் காலத்து டாக்ஸ் கிரெடிட் கடன், அதாவது அந்தப் பழைய பெனிபிட்டில் கூடுதலாகக் கொடுத்ததென்று திருப்பிக் கேட்கும் காசு, 2,300 பவுண் நிற்கிறது. அது உங்கள் தலையில் விழுமா, தாலி கட்டும்வரை பெனிபிட் பகுதிக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சொல்லாமல் இருக்கவே கூடாது. எழுத்து நடந்த திகதியும் தாலிகட்டுத் திகதியும் அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. ஒரே வீட்டில் குடித்தனம் தொடங்கிய நாளைத்தான் பார்ப்பார்கள். எழுத்து முடிந்தும் உண்மையிலேயே வேறு வேறு வீட்டில் இருக்கிற இன்றைய நிலையில் நீங்கள் தனியாள்தான். பெட்டியோடு அங்கே போகிற அன்று நீங்கள் சோடி.

"கிழமைக்கு மூன்று இரவுக்கு மேல் தங்காவிட்டால் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. வீட்டுச் செலவை யார் பார்க்கிறார், எவ்வளவு காலமாகச் சேர்ந்திருக்கிறீர்கள், பிள்ளைகள் உண்டா, வெளியில் உங்களைக் கணவன் மனைவியாகக் காட்டிக்கொள்கிறீர்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இரவுகளை எண்ணுவது வெறும் வாய்ப்பேச்சுக் கணக்கு.

சொல்லாவிட்டால் கடன் எப்படி ஏறும் என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனியாளுக்கு அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண், சோடிக்கு 628.10. ஆக, இரண்டு தனியாள் தொகையைவிடச் சோடித் தொகை 172 பவுண் குறைவு. அதைவிடப் பெரிய வெட்டு சம்பளத்தில் வருகிறது. பிள்ளையோ வேலைசெய்ய முடியாத வருத்தமோ இல்லாத வீட்டில், கைக்கு வரும் சம்பளத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள். அவர் மாதம் 1,500 பவுண் கொண்டு வருகிறார் என்று வைப்போம். 825 பவுண் கழிபடும். உங்கள் சம்பளத்தை எண்ணாமலே சோடிக்கான 628 முழுக்கப் போய்விடும். வாடகைப் பங்கு (யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கென்று தரும் காசு) கிடைத்தால் அதில் கொஞ்சம் மிஞ்சலாம். இப்போது நீங்கள் ஆறு மாதம் பேசாமல் தனியாள் தொகையை எடுத்தால், அதுவே 2,400 பவுண் வரை போகும். பழைய வாடகைப் பங்கும் வந்துகொண்டிருந்தால் இன்னும் கூட. அவருடைய பழைய கடனைவிடப் பெரிய புதுக் கடன், அதுவும் உங்கள் பெயரில்.

இன்னொரு விஷயம். மாதத்தின் நடுவில் குடிபோனாலும், உங்கள் கணக்கு மாதம் (அவர்கள் உங்கள் காசைக் கணக்குப் பார்க்கும் ஒரு மாதக் காலம்) முழுவதையும் சோடியாகவே எடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அதனால் உங்கள் கணக்கு மாதம் எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிகிறது என்று உங்கள் யூனிவர்சல் கிரெடிட் ஒன்லைன் கணக்கான ஜேர்னலில் பார்த்துவிட்டுக் குடிபோகும் நாளை வையுங்கள். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது போனால் அந்த மாதக் காசு கனக்கக் குறையலாம். இது களவு இல்லை, திட்டமிடல்.

இனி அவருடைய கடன். டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கடன் மட்டும் முடியவில்லை, வரித் திணைக்களத்திடமிருந்து, யூனிவர்சல் கிரெடிட் கொடுக்கிற வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களத்தின் (DWP) கடன் பகுதிக்கு மாறுகிறது. நீங்கள் அவரைக் கட்டியதால் அந்தக் கடன் உங்கள் பெயருக்கு வராது. ஆனால் சேர்ந்து கிளெயிம் பண்ணும்போது இரண்டு பேருக்கும் ஒரே தொகைதான் வரும், அதிலிருந்து அவருடைய கடனுக்குக் கழிக்கலாம். பேப்பரில் அவருடைய கடன், சமையலறையில் இரண்டு பேரின் கடன். அதுதான் உண்மை.

கழிப்பதற்கும் எல்லை உண்டு. 2025 ஏப்ரல் 30 முதல், வழமையான கழிவுகள் எல்லாம் சேர்ந்து அடிப்படைத் தொகையில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முன்பு அது 25. மேலே சொன்ன 2025 ஆண்டுத் தொகையில் சோடிக்கு 15 சதவீதம் என்றால் மாதம் 94 பவுண் அளவில். நீங்கள் வந்த புதிதில் எடுத்த அட்வான்சோ (யூனிவர்சல் கிரெடிட் முற்பணம்) அகதிகளுக்கான கடனோ இன்னும் கழிபட்டுக்கொண்டிருந்தால் அதுவும் இந்த எல்லைக்குள்தான் அடங்கும். அந்த அளவும் கஷ்டம் என்றால் கடன் பகுதிக்கு போன் அடித்து வரவு செலவைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் வேண்டாம். சம்பளம் கூடி உங்களுக்கு யூனிவர்சல் கிரெடிட்டே வராமல் போனால், அவருடைய முதலாளிக்கு எழுதி அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதற்குக் கோர்ட் தேவையில்லை. உங்கள் சம்பளத்தில் அதற்காகக் கைவைக்க முடியாது.

அந்த 2,300 முழுவதும் அவர் பங்குதானா என்றும் கேட்கச் சொல்லுங்கள். சோடியாக எடுத்த டாக்ஸ் கிரெடிட்டுக்கு முன்னாள் மனைவியும் பொறுப்பு. எந்த ஆண்டுக்கு, எவ்வளவு, எப்படி வந்தது என்று எழுத்தில் விபரம் கேட்டு வாங்குங்கள். விபரம் கையில் இல்லாமல் மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிற கனபேரை எனக்குத் தெரியும்.

உங்கள் பெயரில் எப்போதாவது "கூடுதலாகக் கொடுத்துவிட்டோம்" என்று கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதிலும் சரிவராவிட்டால் டிரிபியூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) போகலாம். யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரு கொடுமை உண்டு: பிழை அவர்களுடையதாக இருந்தாலும் காசைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் தொகையோ திகதியோ பிழை என்று காட்டினால் வெல்ல வாய்ப்பு அதிகம், "நான் சரியாகத்தான் சொன்னேன்" என்பது மட்டும் காணாது. ஆனாலும் சொன்னதற்கு அத்தாட்சி இருந்தால், கவலையீனத்துக்கான 50 பவுண் தண்டமோ களவுக் கதையோ உங்களிடம் வராது. ஆகவே குடிபோகும் அன்றே ஜேர்னலில் மாற்றத்தைப் பதிந்து, திகதி தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். போனில் சொன்னேன் என்பதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். ஆங்கிலம் கஷ்டம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், தருவார்கள். அவருடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், உங்கள் காசுக் கதை குடும்பம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை.

கவுன்சிலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் தனியாள் என்று கவுன்சில் டாக்ஸில் (வீட்டுக்கான உள்ளூர் வரி) 25 சதவீதக் கழிவு எடுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் போன அன்றே அது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயும் ஒரு கடன் வளரும்.

ஊரிலிருந்து ஸ்பவுஸ் விசாவில் கணவன் வரப்போகிற வேறு பெண்களும் இதைக் கேட்பதுண்டு. அப்படி வரும் கணவனுக்குப் பொதுநிதி (பெனிபிட் போன்ற அரசாங்க உதவி) எடுக்க உரிமை இல்லாததால் உங்களுக்குத் தனியாள் தொகைதான் வரும், ஆனால் அவர் சம்பளத்தையும் சேமிப்பையும் கணக்கில் எடுப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததைச் சொல்லியே ஆகவேண்டும்.

கடைசியாக ஒன்று. சேர்ந்த கிளெயிமில் காசு வழமையாக ஒரே வங்கிக் கணக்குக்குத்தான் போகும், யாருடையது என்று உங்களிடம் கேட்பார்கள். நம் வீடுகளில் யோசிக்காமல் ஆணுடைய கணக்கைக் கொடுப்பார்கள். உங்கள் பெயரில் உள்ள கணக்கைக் கொடுங்கள் என்பதே என் அபிப்பிராயம். எவ்வளவு காசு வருகிறது என்று மாதா மாதம் நீங்களே பார்க்கலாம்.