மறு: 1961-இல் உறவு முறிந்ததா, இல்லையா?

வணக்கம். அமெரிக்கா–கியூபா உறவு 1961-லேயே முறிந்தது என்று ஒரு புத்தகமும், 1990-களில் கியூபத் தலைநகர் ஹவானாவில் அமெரிக்க அதிகாரிகள் விசா கொடுத்தார்கள் என்று இன்னொன்றும் சொல்வதாகக் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான், தைரியமாகக் கட்டுரையில் எழுதுங்கள்.

1961 ஜனவரி 3 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் தூதரக உறவைத் துண்டித்தார். அமெரிக்க நலன்களைக் கவனிக்கும் பொறுப்பு சுவிட்சர்லாந்துக்குப் போனது. 1977-இல் அதிபர் கார்ட்டர் காலத்தில் ஹவானாவில் ஓர் ஏற்பாடு வந்தது: தூதரகம் என்று பெயர் கிடையாது, 'நலன்கள் பிரிவு' மட்டும். காகிதத்தில் அது சுவிஸ் தூதரகத்தின் ஒரு பகுதி. உள்ளே உட்கார்ந்து விசா கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். பேச மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டே பேசுவதற்கு ராஜதந்திரத்தில் இப்படியெல்லாம் வழி உண்டு!

2015 ஜூலை 20-இல் முறையான உறவு திரும்பியது. ஆகஸ்ட் 14 அன்று ஹவானாவின் அமெரிக்கத் தூதரகத்தில் கொடியேற்றும்போது, 1961-இல் அங்கே கொடியை இறக்கிய மூன்று அமெரிக்க மரைன் வீரர்களே, முதியவர்களாக வந்து புதுக் கொடியை எடுத்துக் கொடுத்தார்கள்.

அப்புறம், கியூபா மண்ணில் அமெரிக்கா குத்தகைக்கு வைத்திருக்கும் கடற்படைத் தளமான குவாண்டனாமோவை விட்டுவிடாதீர்கள். 1903 குத்தகை இந்த முறிவால் அசையவே இல்லை. ஆண்டு வாடகை 4,085 டாலர். புரட்சிக்குப் பின் 1959-இல் வந்த காசோலையை மட்டும் கியூபா பணமாக்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றைத் தொடவில்லை.

ஒன்றில் மட்டும் கவனம்: 2015-இல் கியூபா மீதான அமெரிக்க வர்த்தகத் தடையும் நீங்கியது என்று எழுதிவிடாதீர்கள். 1996-இல் அது சட்டமாக்கப்பட்டதால், அதை முழுதாக நீக்க அமெரிக்க காங்கிரஸ் இறங்கி வர வேண்டும்.