ஓரிடம் எத்தனை பேரைத் தாங்கும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சுற்றுலா, பாரம்பரியத் தலங்களின் நிர்வாகத்தில் புதுமை என்று பேசுகிறவர்கள் செயலி, க்யூஆர் கோடு, மெய்நிகர்க் காட்சி என்றே அடுக்குகிறார்கள். அவ்வளவுதானா?
– பயண ஏற்பாட்டாளர், கும்பகோணம்

பதில்: செயலி வந்தால் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் வேலை மிச்சமாகும். ஆனால் எத்தனை சீட்டுக் கொடுப்பது, எந்த நேரத்துக்குக் கொடுப்பது, எந்த வழியாக உள்ளே விடுவது என்பவற்றை நிர்வாகம் தீர்மானிக்காதவரை, கூட்டம் முன்பைவிட விரைவாக உள்ளே போகும் என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் நிகழாது.

தாய்லாந்தின் பீ பீ லே தீவில் உள்ள மாயா விரிகுடா இதற்கு நல்ல சான்று. 2000-இல் வெளிவந்த ஓர் ஆலிவுட் படத்தால் உலகப் புகழ் பெற்ற அந்தச் சிறிய கடற்கரைக்கு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வரத் தொடங்கினர். விசைப்படகுகள் கரைவரை வந்து நங்கூரம் போட்டதில் பவளப்பாறைகள் நொறுங்கின. 2018 ஜூனில் சில மாதங்களுக்கு என்று சொல்லித்தான் மூடினார்கள். ஆனால் 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அதற்குள் பவளங்களை நட்டு வளர்த்தார்கள். கரும்முனைத் துடுப்புச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்தன. என்னைக் கேட்டால், திறந்த விதத்தில்தான் நிர்வாகத் திறமை தெரிகிறது. படகுகள் இப்போது விரிகுடாவுக்குள் நுழைவதில்லை. தீவின் பின்புறம் அமைத்த மிதவைத் துறையில் பயணிகளை இறக்கிவிடுகின்றன, அங்கிருந்து மரப்பலகைப் பாதையில் நடந்துதான் கடற்கரைக்கு வர வேண்டும். திறந்தபோது ஒரு மணி நேரச் சுற்று ஒன்றுக்கு 375 பேர் என்று வரம்பு வைத்தார்கள், நீந்தத் தடை விதித்தார்கள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஆண்டுதோறும் மூடியும் விடுகிறார்கள். நுழைவுக் கட்டண வருமானத்தை ஆண்டுக்கணக்கில் இழக்கத் துணிந்த இந்த முடிவுக்கு முன்னால் எந்தச் செயலியும் சிறியதுதான். நேரம் குறித்து ஆளை அனுப்பும் முறையைப் பொறுத்தவரை, திருமலையில் தரிசன நேரம் அச்சிட்ட சீட்டோடு நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: வெனிஸ் நகரம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறதாமே! கட்டணத்தை உயர்த்தினால் கூட்டம் தானாகக் குறைந்துவிடாதா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: வெனிஸில் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை. 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கிய அத்திட்டத்தின்படி, அவ்வாண்டு தேர்ந்தெடுத்த 29 நாட்களில், இரவு தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்கள் 5 யூரோ கட்ட வேண்டியிருந்தது. 2025-இல் அதை 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ ஆக்கினார்கள். இத்தாலிவரை விமானத்தில் வந்துவிட்டவர், ஒரு காப்பிச் செலவுக்கு அஞ்சித் திரும்பிப் போவாரா? உச்சவரம்பு என்று எதையும் வைக்காததால், கட்டியவர்கள் எத்தனை பேரானாலும் உள்ளே போகலாம். யார், எந்த நாளில் வருகிறார்கள் என்ற கணக்கு நகராட்சிக்கு முன்கூட்டியே கிடைக்கிறது என்பது உண்மையான ஆதாயம்தான். ஆயினும் 2021 ஆகஸ்டு முதல் பெரிய உல்லாசக் கப்பல்களை நகரை ஒட்டிய ஜூதெக்கா கால்வாயில் விடாமல் நிறுத்தியதை, இந்தக் கட்டணத்தைவிட உருப்படியான நடவடிக்கையாக நான் கருதுகிறேன்.

கேள்வி: பிரான்சில் ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்குப் போகிறவர்களுக்கு நகலைத்தான் காட்டுகிறார்களாம். இது ஏமாற்று வேலை அல்லவா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நகல் என்று சொல்லித்தான் சீட்டு விற்கிறார்கள், ஐயா. 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அக்குகையில், பார்வையாளர்களின் மூச்சுக்காற்றும் உடற்சூடும் விளக்கொளியும் சேர்ந்து, ஏறத்தாழ 17,000 ஆண்டுகளாக அழியாமல் இருந்த ஓவியங்களின்மீது பதினைந்தே ஆண்டுகளில் பாசி படர வைத்துவிட்டன. 1963-இல் குகையை மூடினார்கள். 1983-இல் அருகிலேயே ஒரு பகுதி நகலும், 2016-இல் விரிவான முழு நகலும் திறக்கப்பட்டன. மூலத்தை மூடிய பிறகும் அவ்வூருக்குச் சுற்றுலாப் பிழைப்பு நின்றுபோகவில்லை என்பதை நம் தொல்லியல் துறையினர் கவனிக்கலாம்.

கேள்வி: ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்வதால் யாருக்கு என்ன பயன்?
– வாடகைக் கார் ஓட்டுநர், திருப்பூர்

பதில்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-இல் தொடங்கியபோது அதில் வரம்பே இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. பலர் அதைக் கேலி செய்தார்கள். ஆனால் மலைக்கு எத்தனை வண்டிகள் ஏறுகின்றன என்று எண்ணுவதுதான் முதல் வேலை. எண்ணாமல் வரம்பு வைத்திருந்தால் அது வெறும் ஊகமாக இருந்திருக்கும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் இறுதிவரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்குச் சவாரி குறையும் என்ற வருத்தம் நியாயமானதே. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த வரம்பு வண்டிகளுக்குத்தானே தவிர ஆட்களுக்கு இல்லை, அரசுப் பேருந்துக்கு இ-பாஸும் தேவையில்லை. எனவே மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுவது குடும்பத்தோடு வருகிறவருக்கு வசதியாக இருக்கும்படி செய்யாமல், சோதனைச் சாவடியில் ஊழியர்களை மட்டும் அதிகரித்துக்கொண்டிருந்தால், வரிசை ஊட்டியிலிருந்து மலையடிவாரக் கல்லாறுக்கு இடம் மாறியதாக மட்டுமே இருக்கும்.