பத்து மாதக் குழந்தை அம்மா நகர்ந்தாலே அழுகிறது. வேலைக்குக் கிளம்பும்போது சொல்லாமல் நழுவிவிடலாமா?

வேண்டாம். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று வீட்டில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த அழுகைக்குப் பிரிவுப் பதற்றம் என்று பெயர். பல குழந்தைகளுக்கு எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்கி, 10 முதல் 18 மாதத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும்.

காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தையின் கண்ணெதிரே சாவிக்கொத்தை ஒரு துண்டால் மூடுங்கள். ஐந்து மாதக் குழந்தை வேறு பக்கம் திரும்பிவிடும். உங்கள் மகள் துண்டை இழுத்துச் சாவியை எடுப்பாள். கண்ணில் படாத பொருளும் இருக்கிறது என்று அவளுக்கு இப்போது புரிகிறது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். அதே அறிவுதான் அழவும் வைக்கிறது. அம்மா எங்கோ இருக்கிறாள் என்று தெரியும். எப்போது வருவாள் என்று தெரியாது.

26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பும்போது சிரித்து வழியனுப்பிய குழந்தை, ஒன்பதாம் மாதத்தில் திடீரென்று காலைக் கட்டிக்கொள்வதும் இதனால்தான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. அது நல்ல விஷயம், ஆனால் திரும்பும் நாள் சரியாக உச்சத்தில் வந்து விழும்.

நம் வீடுகளில், "காக்கா பாரு" என்று பாட்டி ஜன்னல் பக்கம் தூக்கிப்போக, அம்மா பின்வாசல் வழியாகப் போய்விடுவார். அந்த நேரத்துக்கு அழுகை மிச்சம். ஆனால் அம்மா எந்த நொடியும் மறையலாம் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. பிறகு நீங்கள் குளியலறைக்குப் போனால்கூடப் பின்னாலேயே தவழ்ந்து வரும்.

இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் மூன்று நான்கு நாள், பார்த்துக்கொள்ளப் போகிறவர் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சோறு ஊட்டட்டும், குளிப்பாட்டட்டும். அடுத்து நீங்கள் ஐந்து நிமிடம் பக்கத்து அறையில், பிறகு இருபது நிமிடம் கடைக்கு, பிறகு அரை நாள். குழந்தை பசியோடோ தூக்கக் கலக்கத்தோடோ இருக்கும்போது கிளம்பாதீர்கள். விடைபெறுவது அரை நிமிடம் போதும்: ஒரு முத்தம், தினமும் அதே வார்த்தை, "அம்மா போயிட்டு வர்றேன்". அழுகை கேட்டுத் திரும்பி வந்து மறுபடி தூக்காதீர்கள். அது இருவருக்கும் வேதனையை நீட்டும். பத்து நிமிடம் கழித்து போன் செய்து கேளுங்கள், பெரும்பாலும் விளையாடிக்கொண்டிருப்பாள். நீங்கள் உடுத்திய பருத்தித் துப்பட்டா பார்த்துக்கொள்பவர் தோளில் கிடந்தால் ஆறுதலாக இருக்கும். தூங்கும் இடத்தில் மட்டும் போட வேண்டாம்.

மாலையில் திரும்பியதும் முதல் பத்து நிமிடம் அவளுக்கே. உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் தன் ஆய்வில் ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் மட்டும் பிரித்துப் பார்த்தபோது, எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பியதும் குழந்தை என்ன செய்தது என்பதைத்தான் முக்கியமாகக் கவனித்தார். உங்களைக் கண்டதும் உடைந்து அழுதால் பயப்படாதீர்கள். அள்ளிக்கொண்டதும் அடங்கி விளையாடப் போகிறாளா என்று பாருங்கள். போனால் பிணைப்பு நன்றாக இருக்கிறது.

ஒரு மாதம் ஆகியும் நாள் முழுக்கத் தேறாமல் அழுதால், சாப்பாட்டை மறுத்து எடை குறைந்தால், அல்லது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.